காதை நம்புவதா, கருவியை நம்புவதா?

புதிதாக ஒரு மியூசிக் பிளேயர் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஒன்று 150 வெள்ளி, மற்றொன்று 900 வெள்ளி. இரண்டிலும் ஒரே பாடலைக் கேட்கிறீர்கள். விலை உயர்ந்ததில் வயலின் இன்னும் இழைகிறது. மிருதங்கம் இன்னும் அதிர்கிறது. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவீடுகளைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கூடுதலாக 750 வெள்ளி கொடுக்கலாமா?

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி 2000ஆம் ஆண்டில் ‘நோமேட் ஜூக்பாக்ஸ்’ பிளேயரை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆப்பிளின் ஐபாட் வந்தது. எத்தனை பாடல்கள் அடங்கும் என்பதே அன்று பெரிய கேள்வி. இன்று எது இனிமையாக ஒலிக்கிறது என்பதுதான் கேள்வி. பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

கருவி என்ன சொல்கிறது?

ஆய்வகத்தில் முக்கியமாக மூன்றை அளப்பார்கள். முதலாவது, அலைவரிசைச் சீர்மை. மனிதக் காது பொதுவாக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறையும். இந்த எல்லைக்குள் எதையும் கூட்டாமல், குறைக்காமல் பிளேயர் தருகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது, இரைச்சல். பாட்டு நின்ற இடத்தில் ‘உஸ்’ என்ற ஒலி எவ்வளவு கேட்கிறது? குறுந்தட்டின் 16 பிட் முறை, உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி தரும். மூன்றாவது, உருக்குலைவு. மூலப் பதிவில் இல்லாத ஒலிகளைப் பிளேயர் தானாகச் சேர்க்கிறதா? 0.01 விழுக்காடு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த எண்களுக்கு விலையும் தெரியாது, வணிகப் பெயரும் தெரியாது. அதுவே அவற்றின் பலம்.

காது எங்கே ஏமாறுகிறது?

நம் காது எல்லா ஒலிகளையும் ஒரேபோல் உணர்வதில்லை. ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவர் 1933ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒலி தணிந்திருக்கும்போது கனத்த, தாழ்ந்த ஒலிகள் நமக்கு மேலும் மங்கலாகவே கேட்கும். ஒலியைச் சற்றுக் கூட்டினால் அவை எழுந்து வரும், பாட்டு ‘நிறைவாக’ இருப்பதாகத் தோன்றும். ஆகவே, இரண்டு பிளேயர்களில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும். ‘சத்தம் அதிகம்’ என்று நாம் சொல்வதில்லை. ‘தரம் அதிகம்’ என்கிறோம்.

கண்ணும் காதை ஏமாற்றும். ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூல், ஷான் ஓலிவ் இருவரும் 1994ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒலிபெருக்கிகளை மறைத்து வைத்தபோது கேட்டவர்கள் தந்த புள்ளிகளும், பார்த்துக்கொண்டே கேட்டபோது தந்த புள்ளிகளும் ஒத்துப்போகவில்லை. மறைவில் நல்ல புள்ளி பெற்ற சிறிய, மலிவான பெட்டி, கண்ணில் பட்டதும் கீழே இறங்கியது. கேட்டுப் பழகியவர்களும் இதற்கு விலக்கல்ல.

வீட்டிலேயே சோதிக்கலாம்

இரண்டு பிளேயர்களிலும் ஒரே தொனியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் இணைந்த நிலையில் மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளந்து ஒலியளவைச் சமமாக்குங்கள். பிறகு வீட்டில் ஒருவரை நாணயம் சுண்டச் சொல்லுங்கள். பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றொன்று. எது ஓடுகிறது என்று பார்க்காமல் 10 முறை சொல்லுங்கள். 7 சரியாக வந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். வெறும் ஊகத்தாலேயே 7 அல்லது அதற்கு மேல் வர ஏறக்குறைய 17 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 9 அல்லது 10 வந்தால் கதை வேறு. அது ஊகத்தால் வரும் வாய்ப்பு 1 விழுக்காட்டை ஒட்டியதே.

2007ல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரப் பதிவுகளையும், அவற்றையே குறுந்தட்டுத் தரத்துக்குக் குறைத்தால் கிடைக்கும் ஒலியையும் இப்படி ஒப்பிட்டார்கள். 554 முறையில் 276 முறை விடை சரி. நாணயம் சுண்டினாலும் இதே அளவுதான் வரும்!

காது சரியாகச் சொல்லும் இடம்

அப்படியானால் காதை ஒதுக்கிவிடலாமா? கூடாது. பெட்டியில் அச்சிடாத அளவீடு ஒன்று உண்டு: பிளேயரின் வெளியீட்டு மின்தடை. சில காதணி ஒலிப்பான்களின் மின்தடை ஒரு சுருதிக்கு 16 ஓம், இன்னொரு சுருதிக்கு 64 ஓம் என மாறும். பிளேயரின் மின்தடை 1 ஓம் என்றால் இதனால் வரும் ஏற்றத்தாழ்வு 0.4 டெசிபல்தான். 10 ஓம் என்றால் ஏறக்குறைய 3 டெசிபல்! அதைக் காது நன்றாகவே உணரும். ஹெட்ஃபோனை இணைக்காமல் அளந்திருந்தால் கருவியில் இது தெரிந்திருக்காது. இங்கே தவறியது கருவி அல்ல, அளந்த முறை. பிளேயரின் மின்தடை, ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆக, காது கேள்வி கேட்கட்டும். கருவி பதில் தேடட்டும். இரண்டும் முரண்பட்டால், கண்ணை மறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

இன்னொன்று. சத்தம் கூடினால் தரம் கூடியதாகத் தோன்றும் அதே மயக்கம்தான் பலரையும் ஒலியைக் கூட்டிக்கொண்டே போக வைக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 900 வெள்ளி பிளேயர் பழுதானால் வேறு வாங்கலாம். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.