வெனிஸ்: ருசிக்க வருகிறார்கள், வசிக்க?

காலையில் ரியால்டோ மீன் சந்தை. வழிகாட்டியின் பின்னால் பயணிகள் கூட்டம். வெனிஸின் உணவு நடைப் பயணங்களில் தவறாத இடம் இது. அடுத்தது பாகாரோ எனப்படும் சின்ன ஒயின் கடை. நின்றபடியே ஒரு கிளாஸ் ஒயின்; கொறிக்க சிக்கெட்டி. பொரித்து, வெங்காயத்துடன் வினிகரில் ஊறவைத்த மத்தி மீன், அந்தக்கால மாலுமிகளின் கெடாத உணவு. ரொட்டியில் தடவித் தரும் காட் மீன் விழுதுக்கும் ஒரு கதை உண்டு: கப்பலை இழந்து 1432-ல் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஒதுங்கிய வணிகர் பியெத்ரோ குவெரினி கொண்டுவந்த ருசியாம் அது.

கதைக்குப் பஞ்சமில்லை, குடியிருப்பவர்களுக்குத்தான். 1951-ல் சுமார் 1,75,000 பேர் வசித்த பழைய நகரில் 2022-ல் 50,000-க்கும் குறைவு. வீடுகள் பயணிகள் தங்குமிடங்களாகிவிட்டன. மீன் கடைகளும் குறைந்துவிட்டன. மாநகராட்சியும் சும்மா இல்லை. 2024-ல் வழிகாட்டிக் குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு விதித்தது. ஒலிபெருக்கிக்குத் தடை போட்டது. நெரிசல் நாட்களில் வந்த அன்றே திரும்புபவர்களிடம் 5 யூரோ கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது.

நெரிசல் குறையலாம். ஆனால் சந்தையைப் படம்பிடிப்பவர் மீன் வாங்கிப்போவதில்லை. அது பிழைக்க, பக்கத்துத் தெருவில் அடுப்பு எரிய வேண்டும்.