எலி சொல்லாமல் விட்டது

பாகூர் வயல்களில் நடவுக்குப் போகிறவர்கள், வில்லியனூரில் விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், இவர்களிடம் தினம் ஒரு கருத்தடை மாத்திரை மறக்காமல் போடச் சொல்வது எளிது, போடுவதுதான் கஷ்டம். ‘சாயா’ மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2016-இல் சேர்ந்த இதே மருந்து, 1991-இலேயே ‘சஹேலி’ என்று கடைக்கு வந்துவிட்டது. மருந்தின் பெயர் சென்குரோமன். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், நித்யா ஆனந்த் குழுவினர் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கியது.

இதில் ஸ்டீராய்டு ஹார்மோன் கிடையாது. சினைமுட்டை வழக்கம்போல வெளிவரும். ஆனால் கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தை மருந்து பிடித்துக்கொள்வதால், கரு வந்து ஒட்டும் நேரத்தில் உள்சுவர் தயாராக இருக்காது. 30 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு வாரம் தாங்குவதற்குக் காரணம், ஏழு நாள் ஆன பிறகும் மருந்தில் ஏறக்குறைய பாதி உடலில் தங்கியிருப்பதே.

இதெல்லாம் முதலில் எலியிடம் பார்த்தது. இரவில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடுவார்கள். காலையில் பெண் எலியின் பிறப்புறுப்புத் திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். விந்தணு தெரிந்தால் அதுவே கர்ப்பத்தின் முதல் நாள். மருந்தை வாய்வழியே கொடுத்து, பத்தாம் நாள் வயிற்றைத் திறப்பார்கள். மருந்து தராத எலியின் கருப்பையில் கருக்கள் மணி கோத்ததுபோல் வரிசையாக ஒட்டியிருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1.25 மில்லிகிராம், அதுவும் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஒரே தடவை கொடுத்த எலிகளில் கரு ஒட்டவில்லை. பிறகு நாய், குரங்கு.

எலியில் பலித்தால் பெண்ணிலும் பலிக்கும் என்று யாரும் நம்பிவிட முடியாது. அதே காலத்தில் இங்கிலாந்தில் டாமாக்சிஃபென் எலியின் கர்ப்பத்தைத் தடுத்தது. பெண்களுக்கோ சினைமுட்டை வெளிவரத் தூண்டியது. இன்று அது மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. எலியில் கரு ஒட்ட, நான்காம் நாளில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் சுரந்தாக வேண்டும். வெள்ளெலி இனமான ஹாம்ஸ்டருக்கு அது தேவையே இல்லை. சென்குரோமன் மனிதரிலும் வேலை செய்கிறது என்பது, சோதனைக்கு முன்வந்த பெண்கள் விழுங்கிப் பார்த்த பிறகே உறுதியானது. இந்த மாத்திரையின் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் வருத்தம்.

எலியால் சொல்லவே முடியாத ஒன்றும் உண்டு. அதற்கு மாதவிடாய் கிடையாது. இந்த மாத்திரையில் பெண்களைக் கலங்கடிப்பதோ, நாள் தள்ளிப்போவதுதான். சுமார் 8 சதவீத மாதங்களில் அப்படி நடக்கிறது. குரங்குக்கு மாதவிடாய் உண்டு. ஆனால், “முழுகாம இருக்கேனோ?” என்று அது நாள் எண்ணிப் பயப்படாது. அந்தப் பயத்தில் பாதியில் நிறுத்திவிட்டால் மாத்திரையால் என்ன பயன்? அட்டையைக் கையில் கொடுக்கும்போதே நர்சம்மா இதைச் சொல்லிவிட வேண்டும்: நாள் தள்ளலாம், பயப்படாதே, 15 நாளுக்கு மேல் போனால் வந்து பரிசோதனை செய்துகொள்.

மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய், சிறுநீரகக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது கூடாது. மாத்திரை போட மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால், மறுபடி வாரத்துக்கு இரண்டு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.