கணவன் எங்கே என்று கேட்கும் தேர்தல்

ஆண் வேட்பாளர் வீட்டுக்கு வீடு வாக்குக் கேட்டு வரும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தால் "நல்ல குடும்பம்" என்கிறார்கள். மனைவி வராவிட்டால் "அவ வீட்டில வேலையா இருப்பா" என்று விட்டுவிடுகிறார்கள். பெண் வேட்பாளர் கணவனோடு வந்தால் "இவவை முன்னுக்கு விட்டுட்டு அவர்தான் பின்னால நடத்தப்போறார்" என்று பேச்சு வருகிறது. கணவன் இல்லாமல் வந்தால் எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான்: அவர் எங்கே?

மன்னார்த் தீவிலும், பாலத்துக்கு இப்பால் நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு எனப் பரந்து கிடக்கும் பெருநிலத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத வீடுகள் நிறைய. பேசாலை, தலைமன்னார்க் கரைகளிலிருந்து வள்ளம் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. சிலர் அங்கேயே வேறு குடும்பமானார்கள். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் என்று தீவின் முஸ்லிம் மக்கள் முழுப்பேரும் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களில் ஒரு பகுதி இன்றும் புத்தளத்தில், மறுபகுதி இங்கே. 2008இல் போர்முனை மாந்தையையும் விடத்தல்தீவையும் கடந்து வடக்கே நகர்ந்தபோது, அதற்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன வீடுகளில் சிலவற்றுக்கு ஆண்கள் திரும்பவே இல்லை. இறந்தார்களா, இருக்கிறார்களா என்பதும் தெரியாது. இவ்வளவையும் கடந்து வந்த ஊரில், அரசியலுக்கு வருகிறவரின் குடும்பம் சுவரொட்டியில் இருக்கிற குடும்பம் போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அரசியல்வாதியின் வீட்டு வாழ்க்கை தேர்தல் பிரசாரத்தில் கணக்கில் வர வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு உடனே வாரிசு அரசியலுக்குப் போய்விடுகிறது. அதற்கும் காரணம் உண்டு. இலங்கையில் பெண்கள் சட்டசபைக்குள் நுழைந்ததே குடும்பத்தின் வாசல் வழியாகத்தான். 1931இல் றுவன்வெல்லைத் தொகுதியில் இடைத்தேர்தலில் வென்ற அடலின் மொலமூரே, இறந்துபோன தகப்பனின் இடத்துக்கு வந்தவர். அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கில் வென்ற நேசம் சரவணமுத்து, தேர்தல் வழக்கில் கணவர் ஆசனத்தை இழந்ததால் நின்றவர். 1959இல் சிறிமாவோவின் கணவர் சுடப்பட்டார். 1960 ஜூலையில் சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார். 1994 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலின் முக்கியமான இரு வேட்பாளர்களும் கணவனைக் கொலைக்குப் பறிகொடுத்த பெண்கள். சந்திரிகாவின் கணவர் 1988இல் சுடப்பட்டவர். சிறிமா திசாநாயக்கவின் கணவர் வாக்களிப்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் குண்டுவெடிப்பில் இறந்திருந்தார்.

இந்த வரிசையை நாம் பெருமையாகவே சொல்கிறோம். ஆனால் கவனித்துப் பாருங்கள்: இவர்கள் எல்லோருடைய குடும்பக் கதையிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. இறந்தவர் யார், எப்போது, எப்படி என்பது நாடறிந்தது. கண்ணீருக்குச் சான்றிதழ் இருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாத பெண் என்ன செய்வாள் என்பதுதான் என் கவலை.

வடக்கில் அதற்கு ஒரு விடை 2013இல் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் 21இல் நடந்த வடக்கு மாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நின்ற அனந்தி சசிதரன், தன் கணவர் 2009 மேயில் இராணுவத்திடம் சரணடைந்ததை நேரில் பார்த்த சாட்சியாகவே மேடை ஏறினார். 87,870 பேர் அவருக்கு விருப்பு வாக்கு அளித்தார்கள். வாக்களிப்புக்குச் சற்று முன்னர் ஓர் இரவில் அவருடைய வீடு தாக்கப்பட்டது. வாக்களிப்பு நாளன்று, அவர் அரச தரப்புக்கு மாறிவிட்டார் என்று பொய்ச் செய்தி தாங்கிய போலிப் பத்திரிகை ஒன்று ஊரெல்லாம் போடப்பட்டது. காணாமற்போன கணவனைப் பற்றி ஒரு பெண் தானாக வாய் திறந்து, தன் சொல்லில், தான் விரும்பிய அளவுக்குப் பேசியது அந்தத் தேர்தல். பொய்யால் அதைத் தோற்கடிக்க முடியவில்லை.

அதையே வாய்ப்பாடாக்கி எல்லாப் பெண்களிடமும் கேட்கத் தொடங்கியதுதான் பிழை. தன் வீட்டுக் கதையைத் தானே சொல்கிற உரிமையும், அதை மற்றவர்கள் தோண்டி எடுக்கிற உரிமையும் ஒன்றாகாது.

மன்னாரில் இது கூர்மையாகத் தெரிவது உள்ளூராட்சித் தேர்தலில். நகர சபை ஒன்று, பிரதேச சபைகள் நான்கு. உறுப்பினரில் நாலில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதி 2018 பெப்ரவரி 10 தேர்தலில் முதல் முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்தத் தேர்தலோடு ஏறத்தாழ இருபத்து மூன்று பேராயினர். நல்ல பாய்ச்சல். ஆனால் விதியின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். வட்டாரத்துக்கு நிற்கிற பட்டியலில் பெண்களுக்குப் பத்து வீதம்தான். மேலதிகப் பட்டியலில்தான் ஐம்பது வீதம். மேலதிகப் பட்டியலில் யார் உள்ளே போவது என்பதைக் கட்சி தீர்மானிக்கிறது. ஆகவே வேட்புமனு வாரத்தில் கட்சிக்காரர்கள் கிராமத்துக்கு வந்து "பிரச்சினை இல்லாத பெண்" ஒருவரைத் தேடுகிறார்கள். பிரச்சினை இல்லாதவர் என்றால் கணவன் இருக்கிறவர், அந்தக் கணவன் ஊரில் இருக்கிறவர், முடிந்தால் கட்சி ஆளுக்குத் தங்கையோ மச்சாளோ.

தெற்குக் கரையில் ஒரு கிராமம். 2025 மே தேர்தலுக்கு அங்கே ஒரு பெண்ணை நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். மாதர் சங்கத்தில் பல வருடம் கணக்குப் பார்த்தவர், கருவாடு போட்டு விற்கிறவர். இறங்குதுறைப் பாதை மழைக்கு எங்கே உடையும், குழாய்த் தண்ணீர் எந்த ஒழுங்கைக்கு வருவதில்லை என்று கேட்டால் கையில் வரைந்து காட்டுவார். கணவர் 2009இலிருந்து இல்லை. சம்மதித்தார். இரண்டு இரவு போகவில்லை, வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. யாருடைய குரல் என்று தெரியாதபடி அமர்த்திப் பேசிய குரல். புருஷன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்துக் காசு வாங்கினவள், இப்போது மீன் ஏற்ற வருகிற லொறிக்காரனோடு சிரித்துப் பேசுகிறவள், இவளா நமக்குப் பிரதிநிதி என்று போனது அது. அடுத்த நாள் காலை கரையில் மீன் ஏலம் போகிற இடத்தில் நாலைந்து கைபேசிகளில் அது ஒரே நேரத்தில் ஒலித்திருக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு ஏச்சுப் பழகிப்போச்சு தம்பி. சங்கத்தில காசுக் கணக்குக் கேக்கிறனான், ஏச்சு வாங்காமல் இருக்கேலுமே? ஆனா மகள் அந்த வருசம் ஓ.எல். எடுக்கிறவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ர போனுக்கும் அது போட்டுது. அதுதான் எனக்கு ஏலாமப் போச்சு."

வேட்புமனுவில் கையெழுத்து வைக்க அவர் மன்னாருக்குப் போகவில்லை. கட்சி வேறு பெயரை எழுதியது.

அந்தக் குரல்பதிவில் இருந்த குற்றச்சாட்டை எடுத்துப் பாருங்கள். மரணச் சான்றிதழ் எடுத்தது குற்றமாம். எடுக்காமல் என்ன செய்வது? கணவன் பெயரில் இருக்கிற காணியை மாற்ற முடியாது, வங்கிக் கணக்கைத் தொட முடியாது, படகைப் பதிய முடியாது. கத்தோலிக்கப் பெண் என்றால் மறுமணத்துக்குக் கோயில் வாசலையும் மிதிக்க முடியாது. இந்த இக்கட்டைத் தீர்க்கத்தான், இறந்தார் என்று சொல்லாமலே காணாமற்போனவர் என்று சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அதையும் பலர் வாங்க மறுத்தார்கள். வாங்கினால் தேடுவதை விட்டுவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. எடுத்தால் கைவிட்டவள், எடுக்காவிட்டால் கணவனுக்குப் பதில் சொல்லத் தெரியாதவள். வெள்ளை உடுத்தால் நடிப்பு, பூப்போட்ட சேலை உடுத்தால் அதற்கும் பேச்சு. இப்படி அமைந்த கேள்வித்தாளில் எந்தப் பெண்ணாலும் தேர முடியாது. போர் இங்கே யாருடைய குடும்பத்தைக் குலைத்ததோ, அவரையே "குடும்பம் சரியில்லை" என்று சபையிலிருந்து தள்ளி வைக்கிற ஏற்பாடு இது.

முசலிப் பக்கம் மீளக்குடியேறிய முஸ்லிம் கிராமங்களில் நிலைமை வேறு உடுப்பில் இதேதான். அங்கே கேட்கப்படுவது "நீங்க இங்கயா, புத்தளத்திலயா?" என்பது. பிள்ளைகள் அங்கே படிக்க, தாய் இங்கே வாக்கைப் பதிந்து வைத்திருந்தால் அவர் குடும்பத்தை விட்டவர். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த பேருந்துகள் மீது தந்திரிமலைக்கு அருகே துப்பாக்கியால் சுடப்பட்டது. அந்தப் பேருந்துகளில் வந்தவர்களுக்குக் குடும்பம் எங்கே, ஊர் எங்கே என்று பாடம் எடுக்க யாருக்கும் தகுதி இல்லை என்றே நினைக்கிறேன்.

வீட்டை நடத்தத் தெரியாதவர் ஊரை எப்படி நடத்துவார் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் என் மதிப்புக்குரிய பெரியவர்களும் உண்டு. வீட்டில் இருந்து ஒரு மனிதனைப் படிக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம்?

வாக்காளருக்கு உண்மையில் வேண்டிய குடும்ப விவரம் சட்டத்தில் இருக்கிறது. 1975ஆம் ஆண்டின் சொத்து, பொறுப்பு வெளிப்படுத்தல் சட்டம் வாழ்க்கைத்துணையின் சொத்தையும் பிள்ளைகளின் சொத்தையும் சேர்த்தே கேட்டது. அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் வேட்பாளரின் குடும்பச் சொத்தைக் கணக்கில் எடுக்கிறது. தீவில் காற்றாலைக்கும் கனிம மணலுக்கும் நிலம் கேட்கப்படுகிற காலம் இது. அதை எதிர்த்து 2025 ஓகஸ்டில் மன்னார் நகரில் நாள் கணக்காக மக்கள் தெருவில் இருந்தார்கள். கரையோரக் காணி மச்சான் பெயரில் இருக்கிறதா, மண் ஏற்றுகிற டிப்பர் மகனுடையதா, சபை ஒப்பந்தம் மருமகனுக்குப் போனதா என்று ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்க வேண்டும். மேடையில் கேட்க வேண்டும், பெயர் போட்டுக் கேட்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

பிரான்சில் நம் பிள்ளைகள் பலர் இருப்பதால் அங்கே நடந்ததையும் சொல்லலாம். ஜனாதிபதி மித்தெரோனுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகள் இருந்தது 1994 நவம்பரில் ஒரு வார இதழின் படத்தோடு வெளிவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பெரிதாக அதிரவில்லை. 1996 ஜனவரியில் அடக்கத்தின்போது இரு குடும்பங்களும் பெட்டிக்கு அருகே நின்றன. மகள் இருந்தது குடும்ப விடயம். அந்த மகளும் தாயும் அரச வீட்டில், அரச காவலில் வாழ்ந்தார்கள் என்பது வரி கட்டுகிறவனின் விடயம். அந்த இடத்தில்தான் நாமும் கோடு கிழிக்க வேண்டும்.

இன்னொன்றையும் குடும்ப விடயம் என்ற கோட்டுக்கு வெளியே வைக்கிறேன்: அடி. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் வீட்டு வன்முறையை நீதிமன்றத்தின் விடயமாக்கியது. மனைவியை அடிக்கிறவர் சபைக்குப் போகக்கூடாது என்பது வம்பு அல்ல, பொது நலன். ஆனால் நடப்பதைப் பாருங்கள். ஆண் குடித்துவிட்டு அடிப்பது அயல் முழுக்கத் தெரிந்திருக்கும். அது ஒரு துண்டுப்பிரசுரத்திலும் வராது, ஒரு குரல்பதிவிலும் வராது. "அது அவையின்ர குடும்பப் பிரச்சினை" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த மரியாதை ஆணின் அடிக்குக் கிடைக்கிறது, பெண்ணின் சிரிப்புக்குக் கிடைப்பதில்லை.

கடந்த 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். ஒன்றுகூடப் பெண்ணில்லை. கொழும்பில் பணமும் கட்சியும் காரணம் என்பார்கள், இருக்கட்டும். கிராமத்தில் பெண் முதல் படியிலேயே ஏறாவிட்டால் மேலே பெயர் எங்கிருந்து வரும்?

வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது. அந்தச் சபையில் மன்னாருக்கு ஐந்து ஆசனங்கள் இருந்தன. அதன் தேர்தல் வருகிறபோது கட்சிகள் மறுபடியும் பெண்களைத் தேடிக் கரைக்கு வரும். வருகிறவர்களிடம் கேட்க என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. முதல் குரல்பதிவு வருகிற இரவிலேயே, அந்தப் பெண்ணை அழைத்தவர்கள் தங்கள் பெயரைச் சொல்லி, அதே வட்ஸ்அப் குழுவில், "இவ எங்கட வேட்பாளர், இவவின்ர வீட்டைப் பற்றிப் பேச இங்க ஒருவருக்கும் வேலை இல்லை" என்று பதில் போட வேண்டும். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் போட வேண்டும், பங்குச் சபையில் இருக்கிறவர் போட வேண்டும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர் போட வேண்டும். தெற்குக் கரையில் அந்த இரவு இவர்கள் எல்லோருடைய கையிலும் கைபேசி இருந்தது. குழுவில் எல்லோரும் அதைக் கேட்டிருந்தார்கள். விடியும்வரை ஒருவரும் எழுதவில்லை.