பூவா தலையா: என்எஃப்எல் டிராஃப்ட்

அமெரிக்கன் ஃபுட்பாலில் கல்லூரி வீரர்களை 32 என்எஃப்எல் அணிகளும் வருஷா வருஷம் ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. பழைய ஆட்டங்களின் வீடியோவை மணிக்கணக்கில் பார்ப்பார்கள். ஓடவிட்டு, குதிக்கவிட்டு அளப்பார்கள். சரி, இவ்வளவு பார்த்தும் கணிப்பு எவ்வளவு பலிக்குது?

கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே பொசிஷனில் ஆடுபவர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கியது சுமார் 52 சதவீதம்தான். கிட்டத்தட்ட பூவா தலையா!

அதுக்காக ஸ்கவுட்டுகள் வேஸ்ட் என்று அர்த்தமில்லை. முதல் சுற்று வீரர்கள் சராசரியாக ஆறாம் சுற்றுக்காரர்களைவிட மேல்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவரைப் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். 40 கஜ ஓட்டம் காலின் வேகத்தைச் சொல்லும். எதிரணியின் தடுப்பை நொடியில் படிக்கும் திறமையைச் சொல்லாது. 5.28 விநாடியில் ஓடிய டாம் பிரேடி, 2000-ல் 199-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார்.

ஆபத்து, கணிப்பின் மேல் வைக்கும் அதீத நம்பிக்கையில் இருக்கு. 1999-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே வீரருக்காக அந்த வருஷத்துத் தேர்வு வாய்ப்புகள் அத்தனையையும், அடுத்த வருஷத்தில் இரண்டையும் கொடுத்தது. அந்த சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. பயிற்சியாளர் மைக் டிட்காவின் வேலையும் போனது.

நாணயம் சுண்டுவது மாதிரிதான் என்றால், ஒரே சுண்டலுக்கு எல்லாத்தையும் வைப்பதைவிட நாலு தடவை சுண்டுவது மேல்.