மாலில் பிறந்த நட்சத்திரம்



1987-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் 15 வயதுப் பாடகி டிஃபனியின் முதல் பாப் ஆல்பம் வெளிவந்தது. ஆரம்பத்தில் விற்பனை மந்தம்தான். உடனே இசை நிறுவனம் அவரை ஷாப்பிங் மால்களுக்கு அனுப்பியது. பதின்வயதுப் பிள்ளைகள் கூடும் இடம் அதுதானே! வாத்தியக் குழு இல்லை. ஒலிநாடா இசைக்கு டிஃபனி பாடினார். பார்க்கக் கட்டணமும் இல்லை.

நவம்பரில் அந்த ஆல்பத்தின் ஒரு பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம். 1988 ஜனவரியில் ஆல்பமும் முதலிடம்!

அந்தப் பாடல், முதலில் 1967-இல் டாமி ஜேம்ஸ் என்பவரின் இசைக்குழு பாடியது. டிஃபனியின் பாடலை முதலிடத்திலிருந்து இறக்கியது பாடகர் பில்லி ஐடலின் 'மோனி மோனி'. வேடிக்கை என்னவென்றால், அதுவும் டாமி ஜேம்ஸ் குழுவின் பழைய பாட்டுதான்!