சேந்தமங்கலத்துக் கல்லும் முசிறிச் செப்பேடும்

எறணாகுளம் மாவட்டத்தில் சேந்தமங்கலம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் முன்னே ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. அது இசுரவேலின் மகள் சாராள் என்பவருடையது, ஆண்டு கி.பி. 1269. இந்தியாவில் கிடைத்துள்ள எபிரேயக் கல்வெட்டுகளுள் இதுவே மிகப் பழமையானது என்பர். இக்கூடமும், அருகிலுள்ள வடக்குப் பரவூர்த் தொழுகைக்கூடமும் இன்று முசிறி மரபுரிமைத் திட்டத்தின்கீழ் அருங்காட்சியகங்களாக விளங்குகின்றன.

இம்மண்ணில் யூதர் பெற்றிருந்த மதிப்பை அறியச் செப்பேடு ஒன்று துணைசெய்கிறது. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முசிறிப் பகுதியில் தங்கியிருந்தபோது, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கினான். பகல்விளக்கு, பல்லக்கு, குடை, தோரணம், படிப்புரை ஆகியன அவற்றுட் சில. 'பாவாடை'யும் அவற்றுள் ஒன்று. இது மகளிர் உடையன்று. பெரியோர் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணி. உல்கு, துலாக்கூலி என்னும் வரிகளும் அவருக்கு நீக்கப்பட்டன.

செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. தமிழும் மலையாளமும் முற்றிலும் பிரிந்திராத காலத்து மொழி அதில் உள்ளது. ஆதலின் அதன் சொற்கள் பல நமக்கு இன்றும் விளங்கும். சான்றாளர் வரிசையில் நெடும்புறையூர் நாட்டுத் தலைவனின் பெயரும் காணப்படுகிறது. நெடும்புறையூர் நாடு என்பது நாம் வாழும் பாலக்காட்டுப் பகுதியே. இந்தச் செப்பேட்டை மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடத்தார் போற்றிக் காத்துவந்தனர்.

பரவூர்க் கூடம் 1616-இல் கட்டப்பட்டது. அதன் முகப்பில் கேரள முறைப்படி அமைந்த படிப்புரை உண்டு. அதனைக் கடந்து நீண்ட நடைவழியே உள்ளே செல்லவேண்டும். மகளிர் தொழ மாடியில் தனியிடம் உள்ளது. மறைநூற் சுருள்களை வைக்கும் பேழை, எருசலேம் இருக்கும் திசையாகிய மேற்கே அமைந்துள்ளது. எனினும், இப்போது அங்கிருப்பது படியே. மூலப் பேழை எருசலேம் அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டது.

பேழைக்கு முன்னரே மக்கள் சென்றுவிட்டனர். 1948-இல் இசுரேல் நாடு உருவானபின், கேரள யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். அவர்களை யாரும் துரத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பெண்கள் தம் மலையாளப் பாடல்களைக் கையால் எழுதிவைத்த ஏடுகளையும் உடன் கொண்டுசென்றனர்.