வெள்ளாமை தெரியும்... வியாபாரம் தெரியுமா?

உங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு குட்டி சர்வே எடுங்க. 'யார் வீட்லல்லாம் விவசாயம்?'னு கேளுங்க. பாதிக் கை மேலே போகும். அடுத்ததா, 'போன வருஷம் ஏக்கருக்கு எவ்வளவு லாபம்?'னு கேட்டுப் பாருங்க. தூக்கின கை அத்தனையும் தலையைச் சொறியும்! அப்பாவுக்கு போன் போட்டா, 'ஏதோ கெடைச்சுச்சுப்பா'ம்பாரு. அந்த 'ஏதோ'தான் பாஸ் பிரச்னையே!

விருதுநகர் மாவட்டத்துல இது இன்னும் பெரிய வேடிக்கை. பருப்பு, எண்ணெய், வத்தல் வியாபாரத்துல விருதுநகர் மார்க்கெட் நிலவரம்னா ஊரே திரும்பிப் பார்க்கும். ஆனா, அங்கிருந்து பஸ் ஏறிப் போற தூரத்துல இருக்கிற கரிசக்காட்டுல மக்காச்சோளமும் உளுந்தும் போடுற நம்ம வயசுப் பையனுக்கு, தன் மூட்டை எந்த விலைக்குப் போனா கட்டும்னே தெரியாது. வியாபாரிக்குத் தெரியும், விளைவிச்சவனுக்குத் தெரியாது!

வாரக் கூலியா... வருஷ 'ஏதோ'வா?

வானம் பார்த்த பூமி. மழை வந்தா வெள்ளாமை, இல்லாட்டி வெறும் ஆமை! அதனால பக்கத்துல இருக்கிற பட்டாசு ஆலைக்குப் போயிடறாங்க. வாரம் பொறந்தா கையில கூலி. ஆனா அதுக்கு என்ன விலைன்னும் நமக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்னிக்கு முதலிப்பட்டியில முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போச்சு. 2021 பிப்ரவரியில சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்துல இன்னொரு பெரிய விபத்து. 2018-ல உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு போட்டதுக்கு அப்புறம், அந்த வேலையும் நிரந்தரம்னு சொல்ல முடியலை.

அதே 2018-ல மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்'னு ஒரு பட்டியல் போட்டுச்சு. தமிழ்நாட்டிலேர்ந்து அதுல இடம்பிடிச்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ராமநாதபுரம், இன்னொண்ணு நம்ம விருதுநகர்.

நிலம் இருக்கு, உழைக்கத் தெம்பு இருக்கு. அப்புறம் எது இல்லை? கணக்கு!

ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்

ஒரு முத்துப்பாண்டியைக் கற்பனை பண்ணிக்குங்க. ஒரு ஏக்கர் மக்காச்சோளம். (கணக்கு சுலபமா இருக்கட்டும்னு நானா வெச்ச நம்பர் இது. உங்க ஊர் நம்பரை நீங்க போட்டுக்கோங்க!)

விளைச்சல் 15 குவிண்டால். குவிண்டால் 2,000 ரூபாய்னு வித்தா 30,000. உழவு, விதை, உரம், மருந்து, அறுவடை மெஷின்னு கையிலேர்ந்து போனது 18,000. 'லாபம் 12,000'னு முத்துப்பாண்டி காலரைத் தூக்கிவிடறார்.

வெயிட் ப்ளீஸ்! அவரும் அவங்க அம்மாவும் சேர்ந்து காட்டுல உழைச்சது மொத்தம் 30 ஆள் நாள். இதையே அடுத்தவங்க காட்டுல செஞ்சிருந்தா நாளைக்கு 400 வீதம் 12,000 கிடைச்சிருக்கும். ஆக, லாபம் பூஜ்யம். விதைக்கும் உரத்துக்கும் 3 வட்டிக்கு வாங்கின 10,000-க்கு அஞ்சு மாச வட்டி 1,500. இப்போ அவர் 1,500 ரூபாய் நஷ்டத்துல இருக்கார்!

மொத்தச் செலவு 31,500-ஐ 15-ஆல வகுத்தா 2,100. அதுக்குக் கீழே எந்த விலைக்கு வித்தாலும் தன் கூலியிலேர்ந்துதான் கொடுக்குறார். நம்ம செமஸ்டர்ல 'பிரேக் ஈவன் பாயின்ட்'னு ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துட்டோமே... அதேதான். முத்துப்பாண்டிக்கு அது ரெண்டு மார்க் இல்லை, வாழ்க்கை!

இந்த 2,100 தெரிஞ்சா, வியாபாரிகிட்ட நிக்கிற தோரணையே மாறும். கந்துவட்டிக்குப் பதிலா கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன் வாங்கலாமேன்னு தோணும். தமிழ்நாட்டுல அதைத் தவணைக்குள்ள கட்டினா வட்டியே கிடையாது. அறுவடை அன்னிக்கே தள்ளிவிடாம, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல மூட்டையை இருப்பு வெச்சு, அது மேல பொருளீட்டுக் கடன் வாங்கிட்டு, நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். ஈரப்பதம் பார்த்துத்தான் மக்காச்சோளத்துக்கு விலை போடுறாங்க. காய வெச்சா எடை குறையும், விலை கூடும். எது லாபம்னு சொல்லப்போறதும் அதே நோட்டுதான்.

உலகமே படிக்குது!

2010-லேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவுல கானா, நைஜீரியா மாதிரி நாடுகள்ல கோகோ விவசாயிகளுக்கு 'ஃபார்மர் பிசினஸ் ஸ்கூல்' நடத்தினாங்க. ஜெர்மன் உதவியோட நடந்த வகுப்பு. அஞ்சு நாள், காலையில மட்டும். வரவு-செலவு, வீட்டுக்கு வேண்டிய தானியம் எவ்வளவு, கடன், தரம், சங்கம் சேர்றதுன்னு பாடம். அவங்கவங்க காட்டுக் கணக்குதான் ஹோம்வொர்க்!

நம்ம பக்கமும் கதவு திறந்துதான் இருக்கு. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்துல வேளாண் அறிவியல் மையம் இருக்கு. வங்கிகள் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துல சாப்பாட்டோட இலவசப் பயிற்சி. வேளாண் பட்டதாரின்னா, 2002-ல ஆரம்பிச்ச 'அக்ரி கிளினிக்' திட்டத்துல 45 நாள் பயிற்சி.

தனி மரம் தோப்பாகாது

ஒத்தை ஆளா 15 குவிண்டாலை வெச்சுக்கிட்டு நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு லாரி பிடிக்க முடியாது. நூறு பேர் சேர்ந்தா முடியும். அதுக்குத்தான் 2002-ல கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி 'உற்பத்தியாளர் கம்பெனி'க்கு வழி செஞ்சாங்க. பத்து விவசாயிங்க சேர்ந்தா ஒரு கம்பெனி! எத்தனை பங்கு வெச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. 2020-ல '10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்பு'ன்னு மத்திய அரசு இலக்கு வெச்சது. 2025 பிப்ரவரியில பத்தாயிரமாவது அமைப்பு பீகார்ல தொடங்குச்சு. அதுவும் மக்காச்சோளக்காரங்களுதுதான்!

ஆனா போர்டு மாட்டிட்டா கம்பெனி ஓடிடுமா? வருஷாவருஷம் ஆடிட் பண்ணிக் கணக்கைத் தாக்கல் செய்யணும். தாமதமானா ஒவ்வொரு படிவத்துக்கும் நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். பங்குப் பணம் முழுக்க அதுலயே கரைஞ்சுடும். நல்லா விளைவிக்கத் தெரிஞ்ச ஒரு கூட்டம், பேப்பர்ல தோத்துப்போறது கொடுமை இல்லையா?

சேர்ந்து சேர்க்குறது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லீங்க. விருதுநகர் வியாபாரிங்க மூட்டைக்கு இவ்வளவுன்னு 'மகமை' எடுத்து வெச்சு ஊருக்குப் பொதுக் காரியம் செஞ்சாங்க. வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து வளர்த்த பள்ளிக்கூடம்தான் 1889-ல ஆரம்பிச்ச க்ஷத்திரிய வித்யாசாலா. அங்கே படிச்ச பையன்தான் காமராஜர்! பஜார்ல பலிச்சது கரிசக்காட்டுல பலிக்காதா என்ன?

இப்போ உங்க டர்ன்!

என்.எஸ்.எஸ். கேம்ப்ல ஏழு நாள் தங்குறோம். கோயில் வாசலைக் கூட்டுறோம், கன்னு நடுறோம், போட்டோ எடுக்குறோம். அதுல ஒரே ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்களேன். ஊர் இளவட்டங்களை உட்கார வெச்சு, ஒரு ஏக்கர் கணக்கை அவங்க வாயாலயே சொல்லச் சொல்லி போர்டுல எழுதுங்க. பி.காம். படிக்கிறவங்க பக்கத்துல இருக்கிற உழவர் கம்பெனியோட கணக்குப் புத்தகத்துக்குக் கை கொடுங்க. நம்ம டிபார்ட்மென்ட் மக்கா, ஆப் அப்புறம் பண்ணலாம். முதல்ல நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக் கொடுங்க. 2014-லேர்ந்து 'உன்னத் பாரத் அபியான்'ல கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்குது. உங்க காலேஜ் எந்த ஊரை எடுத்திருக்குன்னு ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பாடம் எடுக்கப் போறோம்கிற மிதப்போட போகாதீங்க. மழையையும் மண்ணையும் படிச்சவங்க அவங்க. நாம கொண்டுபோறது ஒரே ஒரு கழித்தல் கணக்குதான். கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, 'இது கட்டாது, நான் வேற வேலைக்குப் போறேன்'னு ஒருத்தர் முடிவெடுத்தா அதுவும் சரிதான். ஆனா அந்த முடிவை 'ஏதோ' எடுக்கக்கூடாது, அவர் எடுக்கணும்!

இந்த வாரம் ஊருக்குப் போறீங்களா? உங்க வீட்டுக் காட்டுலேர்ந்தே ஆரம்பிங்க!